முதலில் கணக்கா, முதலில் வழிமுறையா? ஒன்பதாம் வகுப்பில் நான் பார்த்த வழிகள்

தமிழில் ஒரு வசதி உண்டு. அதுவே தொல்லையும்கூட. பன்னிரண்டை ஏழால் பெருக்குவதும் கணக்கு, அரை மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசிப்பதும் கணக்கு. அதனால் "கணக்குகள் வழியாகக் கணிதம் கற்பிக்க வேண்டும்" என்று பயிற்சி வகுப்பில் யாராவது சொன்னால் எங்களுக்குச் சிரிப்புதான் வரும். வேறு என்னதான் செய்துகொண்டிருக்கிறோம்? பயிற்சி 3.10, பயிற்சி 3.11 என்று வருடம் பூராவும் கணக்குத்தானே போடுகிறோம்?

ஆனால் அவர்கள் சொல்லும் கணக்கு வேறு. போகும் வழியை ஏற்கெனவே காட்டிவிட்டு "இதே மாதிரி இன்னும் பத்துப் போடு" என்பது பயிற்சி. எந்த வழியில் போவது என்றே தெரியாமல் ஒரு கணக்கின் முன்னால் பிள்ளையை உட்கார வைப்பது இன்னொன்று. இதற்குப் பள்ளிக்கூடத்தில் புழங்கும் பெயர் எதுவும் இல்லை. நான் யோசனைக் கணக்கு என்று சொல்லிக்கொள்கிறேன்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவு அதைப் பொறுத்தது. தமிழ் வழி, ஒன்பதாம் வகுப்பு. கரும்பலகை ஓரத்தில் "பதிவு 43, வருகை 39" என்று எழுதியிருக்கும். ஒரு பீரியட் 40 நிமிடம். அடுத்த ஆண்டு இதே பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத வேண்டும். இந்த வகுப்பில் யோசனைக் கணக்கை எங்கே வைப்பது? பாடத்தை நடத்தி முடித்த பிறகா, நடத்துவதற்கு முன்பா, பாடத்துக்குப் பதிலாகவேவா, இல்லை வெள்ளிக்கிழமை கடைசி பீரியடிலா? நான்கையும் ஒரே பாடத்தை வைத்துப் பார்க்கலாம்: இரு மாறிகளில் நேரிய சமன்பாடுகள். இரண்டு சமன்பாடு, x, y, நீக்கல் முறை.

வழிமுறையைச் சொல்லிவிட்டுக் கணக்கு

நாம் எல்லோரும் இப்படித்தான் படித்தோம். சமன்பாடு (1), சமன்பாடு (2) என்று எழுதுவோம். y-யின் குணகத்தைச் சமமாக்குவோம், கழிப்போம், x வரும், பிரதியிடுவோம், y வரும். விடைக்குக் கீழே இரட்டைக் கோடு. பலகையில் மூன்று கணக்கு, அப்புறம் நோட்டில் எட்டுக் கணக்கு. சொற்கணக்குகள் கடைசியில் வரும். அந்த நேரம் பார்த்து இடைத்தேர்வும் வரும்.

இதைப் பழைய பாணி என்று கிண்டல் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இயற்கணிதத்தை வைத்துத்தான் நடந்தது. முழுக்கச் செய்துகாட்டிய மாதிரிக் கணக்கைப் பார்த்துப் படித்தவர்கள், அதே நேரத்தில் தாங்களாகவே கணக்குகளோடு மல்லுக்கட்டியவர்களைவிட, அதே வகைக் கணக்குகளை வேகமாகவும் தவறு குறைவாகவும் போட்டார்கள். ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொண்டு உருட்ட முடிகிற விஷயங்கள் கொஞ்சம்தான் என்பது அவர்கள் சொன்ன காரணம். வழியைத் தேடுவதிலேயே அந்த இடம் முழுக்கப் போய்விட்டால் கற்றுக்கொள்ள மிச்சம் இருக்காது. இதை நான் தினமும் பார்க்கிறேன். குறை எண்ணைக் கழிக்கத் தடுமாறுகிற பிள்ளை −5y-யிலிருந்து −3y-யைக் கழிப்பதற்குள், எதற்காகக் கழிக்கிறோம் என்பதையே மறந்துவிடுகிறது.

ஆனால் இதே ஆய்வு மரபில் பின்னால் இன்னொன்றும் தெரிந்தது. புதிதாகப் படிப்பவருக்குக் கைகொடுக்கும் மாதிரிக் கணக்கு, ஓரளவு தெரிந்தவருக்குச் சுமையாகிவிடுகிறது. மீத்திறன் மாணவர்கள் ஆறாவது எடுத்துக்காட்டில் கொட்டாவி விடுவது திமிரால் அல்ல.

இந்த வழியில் எனக்குள்ள உண்மையான குறை வேறு. வழிமுறை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே எழாமல் போய்விடுகிறது. பாட்டாக எழுதிய நம் பழைய கணித நூலான கணக்கதிகாரத்தில் பலாச்சுளைக் கணக்கு ஒன்று உண்டு. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணு, ஆறால் பெருக்கு, ஐந்தால் வகு, பழத்தை வெட்டாமலே சுளை எத்தனை என்று தெரிந்துவிடும். ஏன் ஆறு, ஏன் ஐந்து என்று பாட்டு சொல்வதில்லை. ஒருநாள் வகுப்பில் சும்மா இதைச் சொன்னேன். நூறு முள் இருந்தால் 120 சுளை என்று எல்லோரும் போட்டார்கள். ஒருத்தி மட்டும், "ஆறால பெருக்கி அஞ்சால வகுக்கிறதுக்கு, அஞ்சுல ஒரு பங்கைக் கூட்டிக்கிட்டா போதாதா டீச்சர்?" என்றாள். நூறில் ஐந்தில் ஒரு பங்கு இருபது, கூட்டினால் 120. அவள் சொன்ன பிறகு அந்தச் சூத்திரத்தை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன்: முள்ளைவிடச் சுளை ஐந்தில் ஒரு பங்கு அதிகம் என்று யாரோ பழம் பழமாக வெட்டிப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். வழிமுறையைக் கொடுத்தால் 38 பேர் அதைப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவார்கள். ஒருத்தி நிற்பாள். அந்த ஒருத்தி நின்றதும் தற்செயல்தான், நான் செய்த ஏற்பாடு எதுவும் இல்லை.

கணக்கைக் கொடுத்துவிட்டு வழிமுறை

இரண்டாவது வழியை நான் முதல்முறை செய்து பார்த்தபோது சொதப்பினேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த ஆடு கோழிக் கணக்கைக் கொடுத்தேன். தலை 20, கால் 56. ஆடு எத்தனை, கோழி எத்தனை? பிள்ளைகள் திணறுவார்கள், அந்த நேரம் பார்த்து x, y-யை இறக்கலாம் என்பது என் திட்டம். ஒரு நிமிடத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "எட்டு ஆடு, பன்னெண்டு கோழி." எப்படிடா என்றேன். "பத்துப் பத்துன்னு வெச்சேன் டீச்சர், அறுபது கால் வந்துது. நாலு ஜாஸ்தி. ரெண்டு ஆட்டைக் கோழியாக்கிட்டேன்." நான் என்ன செய்திருக்க வேண்டும்? அதைப் பலகையில் எழுதி, அது ஏன் சரியாக வருகிறது என்று வகுப்பையே பேச வைத்திருக்க வேண்டும். நான் சொன்னது: "சரி சரி, இப்ப முறைப்படி போடலாம்." x + y = 20, 4x + 2y = 56 என்று எழுதி முடிக்க எட்டு நிமிடம் ஆனது. "இதுக்கு எதுக்கு டீச்சர் இவ்ளோ?" என்று அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அந்தக் கணக்குக்கு அந்த முறை தேவையே இல்லை. ஆணி அடிக்கக் கல்லே போதும் என்றிருக்கும்போது சுத்தியலை நீட்டியிருக்கிறேன்.

அன்றைக்குத் தெரிந்தது இது. கணக்கை முதலில் கொடுக்கும் வழியில் ஆசிரியரின் உழைப்பு அத்தனையும் கணக்கைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது, முக்கியமாக எண்களில். மறுவருடம் இப்படிக் கொடுத்தேன், மூன்று படியாக, x, y என்ற பேச்சே இல்லாமல், வாய்மொழியாக.

முதல் கணக்கு: 3 டீ, 2 வடை 56 ரூபாய். 3 டீ, 4 வடை 76 ரூபாய். வடை எவ்வளவு, டீ எவ்வளவு? இதைப் போடாதவர் வகுப்பில் அநேகமாக யாரும் இல்லை. "ரெண்டு வடை கூடுச்சு, இருபது ரூபா கூடுச்சு." வடை 10, டீ 12. தாங்கள் செய்தது நீக்கல் முறை என்பது யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இரண்டாவது: 2 பேனா, 3 நோட்டு 150 ரூபாய். 4 பேனா, 5 நோட்டு 260 ரூபாய். இங்கே வகுப்பு நின்றது. டீக்கடைக் கணக்கு மாதிரி நேராகக் கழித்தால் "ரெண்டு பேனா, ரெண்டு நோட்டு 110" என்று வருகிறது, அதிலிருந்து விடைக்குப் போக முடியவில்லை. நான் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டு, யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம். ஆறேழு நிமிடம் கழித்து மூன்றாவது வரிசையில் ஒரு பெண், முதல் ஆளை இரண்டு தடவை கடைக்கு அனுப்பினாள்: "அவரே இன்னொரு வாட்டி அதே மாதிரி வாங்குனா 4 பேனா, 6 நோட்டு, 300 ரூபா." 260-க்கும் 300-க்கும் நடுவே ஒரு நோட்டு. நோட்டு 40, பேனா 15. பக்கத்தில் இருந்தவன் வேறு வழியில் வந்தான். 110-ஐ 150-இல் இருந்து கழித்து அதே நாற்பதை எடுத்தான். இரண்டையும் பலகையில் அடுத்தடுத்து எழுத வைத்தேன்.

மூன்றாவது: 5 வாழைப்பழம், 3 கொய்யா 65 ரூபாய். 3 வாழைப்பழம், 5 கொய்யா 71 ரூபாய். முதல் ஆளை மூன்று தடவையும் இரண்டாவது ஆளை ஐந்து தடவையும் கடைக்கு அனுப்பினால் வந்துவிடும், சிலர் அனுப்பினார்கள். ஒருத்தி மட்டும் இரண்டு பையையும் ஒன்றாகக் கொட்டினாள். 8 பழம், 8 கொய்யா, 136 ரூபாய். ஒரு ஜோடி 17. மூன்று ஜோடி 51, முதல் பையில் மிச்சம் இரண்டு வாழைப்பழம் 14 ரூபாய். பழம் 7, கொய்யா 10. இந்தக் குறுக்குவழியை நான் நடத்தியிருந்தால் "குணகங்கள் இடம் மாறியிருந்தால் கூட்டுக, கழிக்க" என்று ஒரு விதியாக நடத்தியிருப்பேன்.

இதற்குப் பிறகுதான் x, y. இம்முறை யாரும் எதுக்கு என்று கேட்கவில்லை. "நாலு தடவை கடைக்கு அனுப்பு" என்று எழுதுவதைவிட 4 × (1) என்று எழுதுவது சுருக்கம் என்று அவர்களுக்கே தெரிந்தது.

ஜப்பானியப் பள்ளிகளில் இது அன்றாட நடைமுறை. 1995-இல் ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்கா மூன்று நாடுகளிலும் எட்டாம் வகுப்புக் கணித வகுப்புகளை வீடியோ எடுத்து ஒப்பிட்டார்கள். பிள்ளைகளே ஒரு தீர்வை உருவாக்கிப் பார்ப்பது ஜப்பானிய வகுப்புகளில்தான் அதிகம் தெரிந்தது. ஒரு பீரியடுக்குப் பெரும்பாலும் ஒரே கணக்கு. ஆசிரியர் கேள்வியை வைப்பார், நடந்து பார்ப்பார், பிறகு பிள்ளைகளின் தீர்வுகளை எளிதிலிருந்து நயமானதுக்கு என்று வரிசைப்படுத்திப் பேச வைப்பார். அந்தக் கட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் நெரியாகே. பிசைவது என்று பொருள். ஆசிரியர் மாவைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவதில்லை, கூடவே பிசைகிறார். பலகையைப் பாடம் முடியும்வரை அழிப்பதும் இல்லை. இடமிருந்து வலமாகப் பார்த்தால் அந்த வகுப்பு எப்படி யோசித்தது என்று தெரியும். நான் இதற்காகவே இப்போது பலகையில் நாலு பத்தி பிரித்துக்கொள்கிறேன். பதிவு, வருகைக்கு ஓரத்தில் ஒரு சாண் இடம் போதும்.

சிங்கப்பூரில் ஆய்வு செய்த மனு கபூர் இன்னும் துணிச்சலாக ஒன்றைச் சொன்னார். நடத்தாத பாடத்தில் கணக்கைக் கொடு, தோற்கட்டும், பிறகு நடத்து என்றார். 2008-இலிருந்து அவர் வெளியிட்ட ஆய்வுகளில், இப்படித் தோற்றுவிட்டுக் கற்றவர்கள் வழக்கமான கணக்குகளில் மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை. ஏன் என்ற கேள்விகளிலும் மாற்றிக் கேட்ட கணக்குகளிலும் முன்னால் நின்றார்கள். ஆனால் தொடக்கப் பள்ளி வயதில் இந்தப் பலன் கிடைப்பதாகத் தெரியவில்லை. எனக்கு அது வியப்பாக இல்லை. தோற்பதற்கும் கையில் கொஞ்சம் சரக்கு வேண்டும். வடை எண்ணிக்கையை ஒப்பிடத் தெரிந்த பிள்ளைதான் பேனாக் கணக்கில் பயனுள்ள வகையில் தோற்க முடியும். ஒன்றுமே தெரியாதவன் சும்மா உட்கார்ந்திருப்பான்.

மற்ற இரண்டு

பாடத்துக்குப் பதிலாகவே கணக்கு, ஆசிரியர் எதையுமே நடத்தாமல் பிள்ளைகளே எல்லாவற்றையும் கண்டுபிடிப்பது என்பதை அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கணிதர் ஆர். எல். மூர் செய்து காட்டினார். புத்தகம் கூடாது, ஒருவரையொருவர் கேட்கக் கூடாது. நிரூபித்தால் பலகைக்கு வா, இல்லையென்றால் காத்திரு. அவரிடமிருந்து பெரிய கணிதர்கள் வந்தார்கள் என்பது உண்மை. அவர் நடத்தியது பல்கலைக்கழக மாணவர்களுக்கு, அதிலும் யார் உட்காரலாம் என்பதை அவர் தீர்மானித்தார் என்பதும் உண்மை. கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவே மறுத்தவர். என் வகுப்பில் 43 பேரையும் வைத்துக்கொண்டுதான் நான் நடத்த வேண்டும். இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைப் புதிர் பீரியடை இரண்டு வருடம் நடத்தினேன். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், தலைமையாசிரியருக்கும் பிடிக்கும், பார்வையிட வருகிறவர்களிடம் காட்ட நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பீரியடில் கை தூக்கியது வாராவாரம் அதே எட்டுப் பேர். மற்றவர்கள் அவர்கள் போடுவதை வேடிக்கை பார்த்தார்கள். அதைவிட மோசம், யோசிப்பது வெள்ளிக்கிழமை வேலை, திங்கள் முதல் வியாழன்வரை எழுதுவதுதான் வேலை என்று ஒரு பிரிவினை தானாக வந்துவிட்டது. சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுக்கிற கமர்கட் மாதிரி.

தேர்வுக்காகத் தயார் செய்வது தனி. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது, தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை மாதம் 1000 ரூபாய். அதன் மனத்திறன் தாளுக்குப் புதிர்ப் பயிற்சி கட்டாயம் உதவும். 1965-இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் சென்னையிலிருந்து நடத்தும் திறனறிதல் போட்டி இருக்கிறது. அதற்கு மேல் ஒலிம்பியாட். ஆர்வம் உள்ள பிள்ளைகளைப் பள்ளி முடிந்ததும் உட்கார வைத்து இவற்றுக்குத் தயார் செய்யுங்கள், நல்லதுதான். அதை வைத்து "எங்கள் வகுப்பில் யோசிக்கக் கற்றுக்கொடுக்கிறோம்" என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

நேரம், மதிப்பெண், விட்டுப்போகிறவர்கள்

ஆகப் போட்டி முதல் இரண்டுக்கும்தான்.

நேரத்தில் வழிமுறை முதல் என்பதே ஜெயிக்கிறது, சந்தேகமில்லை. சமன்பாடுகளுக்கு நான் ஒதுக்கியது 12 பீரியட். டீ, பேனா, கொய்யா மூன்றுக்கும் சேர்த்து இரண்டரைப் பீரியட் போனது. பிரதியிடல் முறையை நடத்தும்போது ஒரு பீரியட் திரும்பக் கிடைத்தது. மீதி ஒன்றரை கிடைக்கவேயில்லை. "ஆரம்பத்தில் போட்ட நேரம் பின்னால் வட்டியோடு திரும்பும்" என்று பயிற்சிகளில் சொல்வார்கள். எனக்கு அசலே முழுதாகத் திரும்பவில்லை. போர்ஷன் முடிக்க ஒரு சனிக்கிழமை வர வேண்டியிருந்தது.

தயாரிப்பிலும் அப்படித்தான். மாதிரிக் கணக்கைச் சாக்பீஸ் எடுத்ததும் எழுதிவிடலாம். ஒரு நல்ல தொடக்கக் கணக்குக்கு ஒரு மாலை முழுக்கப் போகும், அதிலும் இரண்டில் ஒன்று தேறாது. ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்துத் திருத்துகிறார்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் நம் குறுவள மையக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் இதற்குக் கிடைத்தாலே போதும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

மதிப்பெண்? பத்தாம் வகுப்பு வினாத்தாளைப் பாருங்கள். ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. அந்த எட்டு மதிப்பெண் இரண்டும் வடிவியல் வரைதலும் வரைபடமும், பயிற்சியில் கைக்கு வந்துவிடும். புத்தகத்தில் அப்படியே இல்லாத கணக்கு என்று பார்த்தால் பெரும்பாலும் கட்டாய வினாக்களான 28-உம் 42-உம்தான். மொத்தம் 7 மதிப்பெண். 35 எடுத்தால் தேர்ச்சி. ஆகவே தேர்வுக்காகக் கணக்கை முதலில் கொடுங்கள் என்று நான் சொன்னால் பொய் சொல்கிறேன் என்று பொருள். எங்கள் இடைத்தேர்விலும் நான் நடத்திய பிரிவைவிடப் பக்கத்துப் பிரிவு நீக்கல் முறையைச் சுத்தமாக எழுதியிருந்தது. வித்தியாசம் தெரிந்தது பத்தாம் வகுப்பில்தான். இயற்கணிதம் மூன்று மாறிகளோடு ஆரம்பிக்கிறது. x, y, z, மூன்று சமன்பாடு. என் பழைய பிள்ளைகள் சிலர் "ரெண்டு ரெண்டு பேரா கடைக்கு அனுப்பணும்" என்று தாங்களாகவே ஆரம்பித்தார்கள் என்று அவர்களுக்கு நடத்தியவர் சொன்னார். இது ஆய்வு இல்லை, ஒரு ஸ்டாஃப் ரூம் பேச்சு. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

விட்டுப்போகிறவர்கள் யார் என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வழிமுறை முதல் என்றால் விட்டுப்போகிறவர்கள் வெளியே தெரியமாட்டார்கள், பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார்கள், நோட்டுத் திருத்தினால் டிக் விழும். கணக்கு முதல் என்றால் அவர்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். தெரிவது நல்லதுதான், பார்க்கத்தான் சங்கடம். தமிழ் வாசிக்கவே தடுமாறும் பிள்ளைகளுக்குக் கணக்கு கஷ்டமில்லை, வாக்கியம்தான் கஷ்டம். அதனால்தான் வாய்மொழியாகச் சொன்னேன். அன்று முதல் கணக்கைப் போட்டவர்களில் மெல்லக் கற்போர் பட்டியலில் இருந்த நாலு பேரும் இருந்தார்கள். அதில் ஒருவன் வீட்டில் டிபன் கடை. அவன் காகிதமே எடுக்கவில்லை.

எதிர்பாராத தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. டியூஷன். ஆறேழு பேர் நீக்கல் முறையை அங்கே முடித்துவிட்டு வந்திருந்தார்கள். பேனாக் கணக்கைச் சொல்லி முடிக்கும் முன்பே கை மேலே, "x = 15, y = 40 டீச்சர்." கண்டுபிடிப்பு, பிசைதல் எல்லாம் அத்தோடு முடிந்தது. இப்போது அவர்களுக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன்: x, y என்ற எழுத்தே வராமல் பக்கத்துப் பையனுக்குப் புரிகிற மாதிரி சொல். பாதிப் பேரால் முடிவதில்லை. எங்கே பெருக்க வேண்டும், எங்கே கழிக்க வேண்டும் என்று தெரிகிறது, ஏன் என்று தெரியவில்லை.

நான் வைத்துக்கொண்ட முறை

தேசியக் கலைத்திட்டம் 2005-க்காகக் கணிதம் பற்றி அறிக்கை தந்த குழுவுக்குத் தலைவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். கணக்குப் போடும் திறனைவிடக் குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே முதன்மையான நோக்கம் என்றது அந்த அறிக்கை. கணிதத்தைக் கண்டு பிள்ளைகள் பயப்படுவதையும் அது வெளிப்படையாகப் பேசியது. சரிதான். ஆனால் நாளைக்கு இரண்டாவது பீரியடில் என்ன செய்வது என்பதை எந்த அறிக்கையும் சொல்ல முடியாது.

பாடக்குறிப்பு எழுதும்போது நான் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பாடம் தெரியாமலே, தப்பாகவாவது ஒரு முயற்சி செய்ய இவர்கள் கையில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் கணக்கு முதலில். நீக்கல் முறைக்கு இருக்கிறது. நடுப்புள்ளி காண்பதற்கு இருக்கிறது, எண்கோட்டில் இரண்டு எண்ணுக்கு நடுவே எது என்று ஆறாம் வகுப்பிலிருந்தே தெரியும். இல்லாவிட்டால் நேராக நடத்திவிடுகிறேன். ஹெரான் சூத்திரத்தை எந்தப் பிள்ளையும் தானாகக் கண்டுபிடிக்கப் போவதில்லை. சைன், கொசைன் என்பது பெயர், பெயரைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். குறுக்குப் பெருக்கல் முறை ஒரு எழுத்து வசதி, அம்புக்குறி போட்டுக் காட்டினால் முடிந்தது. அதற்காக ஒரு பீரியடைச் செலவழித்து, பிள்ளைகள் அதைத் தாங்களே கண்டுபிடித்ததாக நாடகம் ஆடுவது எனக்குப் பிடிக்காது.

நடத்திவிடும் பாடங்களிலும் ஒரு மாற்றம் செய்தேன். மூன்று எடுத்துக்காட்டில் முதலாவதை முழுக்கப் போடுவேன். இரண்டாவதில் கடைசி இரண்டு வரியை விட்டுவிடுவேன். மூன்றாவதில் முதல் வரி மட்டும் என்னுடையது. செலவே இல்லாத மாற்றம் இது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக இப்போதுதான் பணியில் சேர்ந்தவர்கள். வகுப்பு கட்டுக்குள் வரும்வரை கணக்கு முதல் என்ற வழியை நீங்கள் தொட வேண்டியதில்லை. தொட்டால், நாற்பது நிமிடத்தில் முப்பத்தெட்டு சத்தத்தில் போகும்.

வருடத்துக்குப் பதினான்கு, பதினைந்து பாடம்தான் நான் கணக்கில் தொடங்குவது. குறைவுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், எந்த எண் வேலை செய்தது, எது ஊகத்தில் விழுந்தது என்று. ஆடு கோழிக் கணக்கும் அதில் திரும்ப வந்துவிட்டது, சமன்பாட்டுக்கு அல்ல. எட்டாம் வகுப்பில், "இரண்டு ஆட்டைக் கோழியாக்கினால் கால் எத்தனை குறையும்" என்ற கேள்விக்காக.

இரட்டைக் கோட்டையும் கொஞ்சம் தள்ளிவைத்தேன். கணக்கைத் தீர்க்கக் கணிதர் ஜார்ஜ் போல்யா 1945-இல் சொன்ன நாலு படிகளில் கடைசிப் படி, முடித்த பிறகு திரும்பிப் பார்ப்பது. நம் நோட்டில் விடைக்குக் கீழே இரட்டைக் கோடு விழுந்தால் கதை முடிந்தது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இப்போது என் வகுப்பில் கோட்டுக்கு முன்னால் ஒரு வரி எழுத வேண்டும். விடையைக் கணக்கில் வைத்துப் பார்த்தாயா, அல்லது வேறு வழி தெரிகிறதா, ஏதாவது ஒன்று. பாதிப் பேர் "சரிபார்த்தேன்" என்று மட்டும் எழுதுகிறார்கள், சரிபார்க்காமலே.

டீக்கடைக் கணக்கை மட்டும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. போன வருடம் அதைச் சொன்னதும் முதல் பெஞ்சில் ஒருத்தி, "வடை எவ்ளோன்னு கடைக்காரர்கிட்டயே கேட்டா சொல்லிடுவாரே டீச்சர்?" என்றாள். வகுப்பே சிரித்தது, என்னிடம் பதில் இல்லை. அதனால் இந்த ஜூனுக்கு இப்படி எழுதினேன்: சுற்றுலா போன இடத்தில் இரண்டு மேசையில் சாப்பிட்டார்கள். ஒருவர் மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டார். இரண்டு மேசையின் மொத்தத் தொகை மட்டும் நினைவிருக்கிறது. ஊர் திரும்பிய பிறகு ஒவ்வொருவரிடமும் எவ்வளவு வாங்குவது? அவள் இப்போது பத்தாம் வகுப்பு. வராந்தாவில் பார்த்தபோது தாளைக் காட்டினேன். நின்று முழுசாகப் படித்தாள். "கடையோட போன் நம்பர் யார்கிட்டயும் இல்லையா டீச்சர்?"